பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

சாவி கொடுக்கும் வாட்ச் வாங்கும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

திருச்சியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரன் எழுதுகிறேன். தொழிலுக்கு வந்து 38 வருஷம் ஆகிறது. நான் வந்த நேரம் நல்ல நேரமில்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை ஊரெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தது. சாவி கொடுக்கும் வாட்சுக்கு ஆயுசு முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு ரொம்ப வருஷம் பேட்டரி மாற்றியும் பட்டை மாற்றியும்தான் பிழைப்பு ஓடியது.

இப்போது நீங்கள் வருகிறீர்கள். தாத்தாவின் பீரோவில் கிடந்தது, பழைய சாமான் கடையில் கிடைத்தது, ஆன்லைனில் வரவழைத்தது என்று ஆளுக்கு ஒன்றோடு வருகிறீர்கள். மூடிக் கிடந்த என் இழுப்பறைகளை நீங்கள்தான் மறுபடி திறக்க வைத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டே என் குறையைச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் போனில் படம் காட்டி, "அண்ணே, இது ஒரிஜினல்தானா?" என்று கேட்கிறீர்கள். பத்துப் படம் இருக்கும். பத்தும் டயல். பச்சை டயல், சிவப்பு டயல், சாய்த்து எடுத்த டயல், கையில் கட்டி எடுத்த டயல். "பின்பக்கம் திறந்து எடுத்த படம் இல்லையா?" என்றால், "அதைப் பார்த்து எனக்கு என்னண்ணே தெரியப்போகுது?" என்பதுதான் பதில்.

தெரியும். கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் தெரியும். அதற்குத்தான் இந்த மடல். நாங்கள் 'மெஷின்' என்று சொல்லும் அந்த உள்பாகத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செய்தவன் எங்கே செலவு செய்திருக்கிறான், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறான்?

எச்எம்டி ஜனதாவிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஒன்றாவது இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் ஆலை தொடங்கியது. எச்எம்டி வாட்சஸை மூடுவதென மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் பரீட்சையில் பாஸானவனுக்கும் மாப்பிள்ளைக்கும் ரிட்டயர் ஆனவருக்கும் கையில் ஏறியது அதுதான்.

ஜனதாவின் பின்மூடியைக் கழற்றினால் கண்ணில் படுவது சாம்பல் வெள்ளையில் வழவழப்பான உலோகத் தகடுகள். பூவேலை இல்லை, வரிகள் இல்லை. ஓரமாகப் பெரிதும் சிறிதுமாக இரண்டு பல்சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சாவியைத் திருகுங்கள், இரண்டும் சேர்ந்து சுற்றும். 'கிர் கிர்' என்ற சத்தம், பெரிய சக்கரம் பின்னால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன நகத்திலிருந்து வருகிறது. எதிர் ஓரத்தில், ஒற்றைக் கை நீட்டியது போன்ற தகட்டுக்கு அடியில், ஒரு சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் பேலன்ஸ். அதன் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய சுருள் ஒன்று சுருங்கி விரியும். அது ஹேர் ஸ்பிரிங். 1675இல் ஹாலந்துக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வாட்சுக்குள் அதைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, ஒரு நாளில் கால் மணி, அரை மணி தப்பும் வாட்சைத்தான் கனவான்களும் வைத்திருந்தார்கள்.

இப்போது கற்களைப் பாருங்கள். அங்கங்கே மாதுளை முத்துப் போலச் சிவப்பாகத் தெரியும். டயலில் '17 ஜூவல்ஸ்' என்று போட்டிருப்பது இவற்றைத்தான். செயற்கை மாணிக்கம், விலைக்குப் பெரிதாக ஒன்றும் போகாது. நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுற்றினால் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். கல்லில் சுற்றினால் அத்தனை சீக்கிரம் தேயாது, எண்ணெயும் நிற்கும். அதற்காகத்தான் கல்.

ஏன் 17? விரல்விட்டு எண்ணலாம். பேலன்ஸின் அச்சுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக 4. பேலன்ஸைத் தள்ளிவிடும் முள்ளாக 1. பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் கவையின் இரு நுனியிலும் 2. இதுவரை 7. அந்தக் கவையின் அச்சுக்கு 2. அதற்கப்பால் வரிசையாக இருக்கும் நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக 8. மொத்தம் 17. தேய வேண்டிய இடம் எல்லாவற்றிலும் கல் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் கல்லும் பின்பக்கத்திலிருந்து தெரியாது, பாதி டயல் பக்கம் ஒளிந்திருக்கும். 7 கல், 15 கல் என்று பார்த்தால் எந்த இடத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கை வைத்தே ஊகிக்கலாம்.

'ஜனதா' என்றால் மக்கள். மக்களுக்கான வாட்ச் என்ற எண்ணம் அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே ஒருவருக்கு வந்துவிட்டது. ஜார்ஜ் ஃபிரெடெரிக் ராஸ்கோப் என்பவர் 1867இல் சுவிட்சர்லாந்தில் 20 ஃபிராங்க் விலைக்குத் தொழிலாளிகளின் வாட்சைக் கொண்டுவந்தார். அவர் மிச்சம் பிடித்தது உள்ளே. சக்கரங்களைக் குறைத்தார். கவையின் நுனியில் கல்லுக்குப் பதிலாக எஃகு ஊசியை நட்டார். அந்த வழியில் பின்னால் கோடிக்கணக்கில் மலிவு வாட்ச் வந்தது. என் மேஜைக்கும் எப்போதாவது ஒன்று வரும். காதில் வைக்கும் முன்பே 'டக் டக்' என்று கேட்கும். எட்டிப் பார்த்தால் கவையில் சிவப்பே இருக்காது, இரண்டு குட்டி ஊசி நின்றுகொண்டிருக்கும். ஓடும்வரை ஓடும். தேய்ந்தபின் என்னால் அதிகம் செய்ய முடியாது.

ஜனதாவில் மிச்சம் பிடித்தது வெளியழகில். கல்லில் கைவைக்கவில்லை. அதனால்தான் அறுபது வயது ஜனதாவை ஒரு கழுவு கழுவி எண்ணெய் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது.

கல்லைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை கூடக் கூட உசத்தி என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில், கையசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சுக்குள் சுற்றும் ரோட்டர் தகட்டின் ஓரமெல்லாம் சும்மா கல்லைப் பதித்து 100 ஜூவல் என்று விற்றதுண்டு. அந்தக் கல் எதையும் தாங்காது, எதோடும் உராயாது. வெறும் வேடிக்கை. அதேபோல் 17 என்ற எண் உலகமெங்கும் நிலைத்ததற்கு இயந்திரக் கணக்கு மட்டும் காரணமில்லை, சுங்கமும் உண்டு. 1930இல் அமெரிக்கா போட்ட இறக்குமதித் தீர்வையில் 17 கல்லுக்கு மேல் போனால் ஒரு மெஷினுக்கு 10.75 டாலர் வரி. நேரம் சரிபார்த்து நிதானப்படுத்தியதற்கும் கூடுதல் வரி. எனவே சுவிஸ்காரர்கள் 17-லேயே நிறுத்திக்கொண்டு, நன்றாக நிதானப்படுத்திய மெஷினிலும்கூட 'நிதானப்படுத்தவில்லை' என்று ஆங்கிலத்தில் பொறித்து அனுப்பினார்கள். அமெரிக்கா போன மெஷின்களில் பேலன்ஸின் மேல்தகட்டில் மூன்றெழுத்துக் குறி ஒன்றும் இருக்கும். ஒமேகாவுக்கு 'ஓ எக்ஸ் ஜி', ரோலெக்ஸுக்கு 'ஆர் ஓ டபிள்யூ'. உங்கள் கையிலிருக்கும் ஒமேகாவில் அந்தக் குறி இருந்தால், அந்த மெஷின் அமெரிக்கச் சந்தைக்கென்று போனது. இந்த விவரத்தை எந்த டயலும் உங்களுக்குச் சொல்லாது.

அடுத்து, தகடுகளின் அமைப்பு. சக்கரங்களின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகடுகளை நாங்கள் 'பிரிட்ஜ்' என்போம், பாலம். பழைய ஆங்கிலேய, அமெரிக்கப் பாக்கெட் வாட்சுகளில் ஒரே முழுத்தட்டு எல்லாவற்றையும் மூடியிருக்கும்; பேலன்ஸ் மட்டும் தட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அதைத் திரும்பப் பூட்டுவது, நாலு குழந்தைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கவைப்பது மாதிரி. ஒரு சக்கரத்தின் முனை துளையில் விழும், அடுத்தது நழுவும். பிரான்சில் ழான் அந்துவான் லெப்பின் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தட்டைத் துண்டு துண்டாக்கித் தனித்தனிப் பாலங்களாக மாற்றினார். மெஷின் மெலிந்தது, ரிப்பேரும் சுலபமானது. இன்று சுவிஸ் மெஷினில் நீங்கள் பார்க்கும் விரல் விரலான அமைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

ஜெர்மனியில் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே 1845இல் பட்டறை போட்டார். அங்கே வேறு வழி பிறந்தது: முக்கால் தட்டு. பேலன்ஸுக்கு மட்டும் இடம் விட்டு, மீதி எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய தட்டு. கெட்டியாக நிற்கும், ஆனால் பூட்டுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். இன்றைய லாங்கே வாட்சுகளிலும் பெரும்பாலும் அதே முக்கால் தட்டுதான். முலாம் பூசாத ஜெர்மன் சில்வர், மெல்ல மஞ்சள் படியும் நிறம், தங்க வளையத்துக்குள் வைத்து நீலத் திருகால் இறுக்கிய கற்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஊரைச் சொல்லிவிடலாம். நம்மூரில் கோபுரத்தைப் பார்த்து எந்தக் காலத்துக் கோயில் என்று சொல்கிறவர்கள் இல்லையா, அது மாதிரிதான்.

ஆனால் அமைப்பை மட்டும் வைத்து ஏமாந்துவிடாதீர்கள். சுவிஸ் ஈடிஏ 6497 என்று ஒரு பெரிய மெஷின் உண்டு, 36.6 மில்லிமீட்டர் அகலம். பாக்கெட் வாட்சுக்கென்று பிறந்து கைக்கு வந்தது. சீனாவில் அதே அமைப்பில் செய்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இனி பேலன்ஸுக்கு வருவோம். எனக்கு ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

முதலில் ஆட்டம். முழுச் சாவி கொடுத்த நல்ல மெஷினில் பேலன்ஸ், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் முக்கால் சுற்றாவது போய்வரும். தூங்கி வழிவது போல அரைச் சுற்றுக்கே ஆடினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது வேறு கோளாறு. வேகம் மெஷினுக்கு மெஷின் மாறும். ஜனதா வகையில் மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. சீக்கோ 5-இல் நொடிக்கு 6. இப்போதைய சுவிஸ் ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் 8. ஜெனித் 1969இல் கொண்டுவந்த எல் பிரிமெரோவில் 10. நொடிமுள் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது என்பது இதைப் பொறுத்ததுதான். வேகம் கூடினால் அதிர்ச்சிக்கு அசையாது. கூடவே தேய்மானமும் கூடும்.

அடுத்து, பேலன்ஸ் மேல்தகட்டில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். பக்கத்தில் 'எஃப், எஸ்' அல்லது கூட்டல், கழித்தல் குறி. பிரெஞ்சில் எழுதியிருந்தால் 'ஏ, ஆர்'. அதை நகர்த்தித்தான் வாட்சைச் சற்று வேகமாக்குவதும் மெதுவாக்குவதும். நல்ல நிலையில் இருக்கும் வாட்சில் அது ஏறக்குறைய நடுவில் நிற்கும். ஒரு கோடிக்குத் தள்ளி வைத்திருந்தால் யாரோ நோயைப் பார்க்காமல் காய்ச்சலை மட்டும் அமுக்கியிருக்கிறார்கள். சில உயர்ந்த மெஷின்களில் இந்தக் கைப்பிடியே இருக்காது. ரோலெக்ஸ் 3135-ஐப் பாருங்கள். பேலன்ஸின் உள்விளிம்பில் குட்டிக் குட்டித் தங்க மரைகள் இருக்கும். அவற்றைத் திருகி நேரத்தைச் சரிசெய்வார்கள். பேலன்ஸைத் தாங்குவதும் ஒற்றைக் கை இல்லை. இருபுறமும் கால் ஊன்றிய முழுப் பாலம். ஒற்றைக் கையில் குடை பிடிப்பதற்கும் இரண்டு தூணில் பந்தல் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

பேலன்ஸின் உச்சியில் இருக்கும் கல்லைப் பாருங்கள். அதன்மேல் ஒரு குட்டித் தங்க நிற ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். வாட்ச் கீழே விழுந்தால் அச்சு முறியாமல் காப்பது அதுதான். யாழ் வடிவத்தில் இருந்தால் சுவிஸ் இன்காப்ளாக். மூன்று இதழ் போல இருந்தால் சீக்கோவின் டயாஷாக்காக இருக்கலாம். எச்எம்டி டயலில் 'பாராஷாக்' என்று படித்திருப்பீர்கள். அது சிட்டிசன் வழி வந்த காப்பு. ஸ்பிரிங்கே இல்லாமல் வெறும் கல் தெரிந்தால் காப்பு இல்லாத பழைய மெஷின். அதைக் கட்டிக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக்கில் ரோட்டரை விரலால் லேசாகச் சுற்றிப் பாருங்கள். கையசைவை, வாட்சை ஓட்டும் முக்கிய ஸ்பிரிங்கில் சேர்ப்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சீக்கோ 1959இல் கொண்டுவந்த 'மேஜிக் லீவர்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரோட்டருக்கு அடியில் இரண்டு நகம் கொண்ட ஒரு கை. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு நகம் தள்ளும், மற்றது இழுக்கும். சக்கரம் மட்டும் ஒரே திசையில் போகும். அவ்வளவுதான் கதை. கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் இல்லை. 21 கல் கொண்ட 7எஸ்26 மெஷினில் சீக்கோ, சாவி கொடுக்கும் வசதியைக்கூட வைக்கவில்லை. கையில் கட்டி ஆட்டினால்தான் ஓடும். மிச்சம் பிடித்த இடம் அது. ரோலெக்ஸில் இதே வேலைக்குச் சிவப்புச் சாயமேற்றிய இரண்டு சக்கரங்கள் இருக்கும், கண்ணாடி போட்டவருக்கும் தெரியும். மியோட்டா 8215 மெஷினில் ஒரு பக்கம் சுற்றினால்தான் ஏறும். மறுபக்கம் ரோட்டர் பம்பரம் மாதிரி சும்மா சுற்றும், கையில் கட்டியிருப்பவருக்கு அந்த உதறல் தெரியும். கோளாறு என்று பயந்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்தும்போது கட்டளை கொடுப்பது கோட்டைக் கொத்தளம் போலத் தூண் தூணாக நிற்கும் சக்கரமா, அல்லது தட்டையாக வெட்டிய தகடா என்று பாருங்கள். முதலாவதைச் செய்ய அதிகச் செலவு, அழுத்தினால் வெண்ணெயாக இறங்கும். இரண்டாவது வால்ஷூ 7750 போன்ற மெஷின்களில் இருக்கிறது. அழுத்தம் கொஞ்சம் முரடு, ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

இப்போது உங்களை மயக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: அலங்காரம். பின்பக்கம் கண்ணாடி வைத்த வாட்சுகள் வந்தபிறகு மெஷினுக்கும் ஒப்பனை போடத் தொடங்கிவிட்டார்கள். பாய் விரித்தது போன்ற இணைவரிகள், வட்ட வட்டமான புள்ளித் தடங்கள், நீலத் திருகுகள். இவை இருந்தாலே உசத்தி என்று நினைக்கிறீர்கள். வரிகளை இன்று இயந்திரம் நொடியில் போட்டுவிடும். திருகின் நீலம் முறைப்படி வரவேண்டுமானால் எஃகை ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று மாறி நீலத்துக்கு வரும் அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். ரசாயனத்தில் முக்கியும் நீலமாக்கலாம். சூட்டில் வந்த நீலம் வெளிச்சத்தைத் திருப்பினால் கறுப்பாகி மறுபடி நீலமாகும். பூசியது எப்படித் திருப்பினாலும் ஒரே நீலமாக, பாத்ரூம் வாளி மாதிரி இருக்கும்.

உண்மையான கைவேலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாலத்தின் விளிம்பைப் பாருங்கள். சரித்து மெருகேற்றிய விளிம்புகள் இரண்டு உள்நோக்கிச் சந்திக்கும் மூலை ஒன்று இருந்தால் அங்கே நிறுத்துங்கள். சுழலும் கருவி அந்த மூலையில் வளைந்துதான் போகும். கத்தி முனையாக அந்த மூலை நிற்கிறது என்றால் ஒரு மனிதர் உட்கார்ந்து அரத்தால் தேய்த்திருக்கிறார். சுவிட்சர்லாந்தில் பிலிப் டுஃபோர் என்ற கலைஞர் அந்த விளிம்புக்கு ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் தண்டால் மெருகு கொடுப்பவர். அவருடைய 'சிம்ப்ளிசிட்டி' வாட்சின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கம் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் கட்டுவது போன்ற வெள்ளை டயல்தான்.

அதற்கு நேர் எதிர்க் கோடி ஒன்றும் இருக்கிறது. 2013இல் ஸ்வாட்ச் கொண்டுவந்த சிஸ்டம்51. மொத்தம் 51 பாகம், நடுவில் ஒரே ஒரு திருகு. நேரத்தைத் தொழிற்சாலையிலேயே லேசரில் சரிசெய்து உறையை மூடிவிடுவார்கள். புத்திசாலித்தனமான வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் மிச்சம் பிடித்தது என்னை. கெட்டால் திறக்க வழியில்லை.

சரி, பழசு வாங்கும்போது என்ன பார்ப்பது? சந்தையில் எச்எம்டி என்றும் பழைய சுவிஸ் பெயர்களிலும் சுற்றுபவற்றில் நிறையப் புது டயல் பூசியவை. நான்கு செத்த வாட்சிலிருந்து ஒன்றை உயிர்ப்பித்துப் பளபளப்பாக அனுப்புவார்கள். அது குற்றம் என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விற்பதுதான் குற்றம். எனவே பணம் அனுப்பும் முன் மெஷின் படம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். படம் வந்தால் இவற்றைப் பாருங்கள். பேலன்ஸுக்கு அடியிலோ பக்கத்திலோ மெஷின் எண் பொறித்திருக்கும். அது டயலில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா? எல்லாப் பாலமும் ஒரே நிறமா, ஒன்று மட்டும் மஞ்சளித்திருக்கிறதா? கல்லில் கீறல் உண்டா? சாவி நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா? தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். திருகுகளின் தலை எப்படி இருக்கிறது? வெட்டுவாய் கூர்மையாக இருந்தால் நல்ல கைகள் திறந்திருக்கின்றன. பிய்ந்து பல்லிளித்தால் வேறு யாரோ.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் வெட்கப்படாமல் கேளுங்கள். திரும்ப வாங்கும்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏதாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவர் மேஜையில் உங்கள் வாட்சை வைக்காதீர்கள், அந்த மேஜை என்னுடையதாக இருந்தாலும். இரண்டு வேண்டுகோள். கத்தியை வைத்து நீங்களே பின்மூடியை நெம்பாதீர்கள்; கை வழுக்கினால் கத்தி நேராக ஹேர் ஸ்பிரிங்கில்தான் போய் நிற்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வாட்சைக் கழற்றி வைக்காதீர்கள். காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க ஓடும்.

இத்தனையும் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் தாத்தாவின் வாட்சோடு வந்தாள். பழைய சுவிஸ் மெஷின். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவராம். திறந்து, வழக்கம்போல லென்ஸை அவள் கையில் கொடுத்து, பார் என்றேன். யாரும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை. இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அங்கிள், எல்லா ஸ்க்ரூவும் பளபளன்னு இருக்கு. இந்தச் சின்னச் சக்கரத்து மேல இருக்கிறது மட்டும் ஏன் மங்கலா, கொஞ்சம் பெருசா இருக்கு?"

பின்மூடியின் உட்புறத்தைத் திருப்பினேன். ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறி வைக்கும் குறிகள் நான்கைந்து இருந்தன. அதில் ஒன்று என் முதலாளியின் கையெழுத்து. பக்கத்தில் '3-90'.

அந்த மார்ச் மாதம் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைப் பிரித்தவன் நான். சாவிப் பக்கத்துச் சின்னச் சக்கரத்தின் திருகுக்குப் பல மெஷின்களில் இடது மரை இருக்கும், எதிர்ப்பக்கம் சுற்றித்தான் கழற்ற வேண்டும். இன்றைக்குப் பல மெஷின்களில் அடையாளத்துக்கு அதன் தலையில் மூன்று கோடு போடுகிறார்கள். அதில் போடவில்லை, எனக்கும் தெரியவில்லை. முறுக்கியதில் தலை துண்டாக வந்துவிட்டது. பழைய சாமான் டப்பாவைக் கொட்டித் தேடி, ஏறக்குறையப் பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்து, ராவி மாட்டி, மூடிவிட்டேன். வாட்ச் ஓடியது. முதலாளிக்கும் சொல்லவில்லை, வந்து வாங்கிப்போன பெரியவருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வாட்சை எத்தனையோ பேர் திறந்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்ப சரியானதைப் போட முடியுமா?" என்றாள். அதே வகையில் செத்துப்போன மெஷின் ஒன்று என் இழுப்பறையில் இருந்தது. அதிலிருந்து எடுத்துப் போட்டேன். பழைய திருகை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எவ்வளவு என்று கேட்டபோது சர்வீஸுக்கு மட்டும் சொன்னேன். திருகு மாற்றிய வேலைக்கு அவள் தாத்தா 1990-லேயே பணம் கொடுத்துவிட்டார்.

அன்புடன்,
மாடிப்படி அடியிலிருந்து ஒரு வாட்ச் ரிப்பேர்காரன்,
திருச்சி